வீட்டுச் சர்வரை யார் பார்த்துக்கொள்வது?

குடும்பத்துக்கென்று தனியாக ஒரு செய்திச் சேவையை நாமே நடத்தலாமே என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் மென்பொருளின் பெயரில்தான் தொடங்குகிறார்கள். மேட்ரிக்ஸ் நல்லதா, ஸ்னிக்கெட் நல்லதா? இந்த அத்தியாயத்தில் அதற்குப் பதில் உண்டு. ஆனால் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி வேறு. அந்தச் சர்வரை வீட்டில் யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்? அவருக்கு மற்றவர்களைப் பற்றி எதெல்லாம் தெரியவரும், அவரால் பார்க்க முடியாமல் போகும் நாளில் என்ன ஆகும்? சொந்தச் சர்வர் வைத்தால் யாரையும் நம்பத் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது அதுவல்ல. ஒரு நிறுவனத்தின்மேல் வைத்திருந்த நம்பிக்கை முழுவதும் குடும்பத்தில் ஒரே ஒருவர் தலையில் வந்து இறங்குகிறது. அந்தச் சுமையை எந்த மென்பொருள் குறைக்கிறது என்பதை வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

வாட்ஸ்அப்பை விட்டு விலக நினைக்கும் பலர், அந்த நிறுவனம் தங்கள் செய்திகளை வாசிக்கிறது என்று நம்புகிறார்கள். அது சரியல்ல. 2016 ஏப்ரல் முதல் வாட்ஸ்அப்பில் தனிப்பட்ட செய்திகள் முழு மறையாக்கத்தோடு செல்கின்றன. அனுப்பும் ஃபோனில் பூட்டப்படும் செய்தி, பெறும் ஃபோனில்தான் திறக்கும். நடுவில் இருக்கும் சர்வர் அதை வாசிக்க முடியாது. ஆனால் யார் யாரோடு பேசுகிறார்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு அடிக்கடி, எந்தக் குரூப்பில் யாரெல்லாம் இருக்கிறார்கள், எந்த இணைய முகவரியிலிருந்து வருகிறார்கள் என்பவை சர்வர் கண்ணுக்குத் தெரியும். கடிதத்தைப் பிரிக்காமலேயே ஒரு குடும்பத்தின் உறவுகளை, நோயை, சண்டையைப் பெருமளவு ஊகித்துவிட இவை போதும். 2014இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலர் பேசி வாங்கிய வாட்ஸ்அப், 2021 ஜனவரியில் தனியுரிமைக் கொள்கை மாற்றத்தை அறிவித்தபோது லட்சக்கணக்கானோர் வேறு செயலிகளைத் தேடிப் போனது பெருமளவு இந்த வெளித்தகவல்களை ஒட்டித்தான்.

விலக நினைப்பதற்கு இரண்டாவது காரணம், ஒரே இடத்தை நம்பி இருப்பது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் உள்கட்டமைப்பில் செய்த ஒரு மாற்றம் தவறிப்போனது. தன் சர்வர்களுக்கு வழி எது என்று உலகத்துக்குச் சொல்லும் அறிவிப்புகளை அந்த நிறுவனத்தின் கணினிகளே திரும்பப் பெற்றுக்கொண்டன. ஏறக்குறைய 6 மணி நேரம் வாட்ஸ்அப் எங்குமே இல்லை. குடும்பத்துக்கு இன்னொரு வழி வேண்டும் என்ற எண்ணம் அன்று பலருக்கு வந்தது. நியாயமான எண்ணம்தான்.

சரி, சர்வரே இல்லாமல் இரண்டு ஃபோன்கள் நேராகப் பேசிக்கொள்ளக் கூடாதா? மதுரையில் விடியும்போது டொரன்டோவில் முந்தைய நாள் இரவு. அம்மா அனுப்பும் நேரத்தில் மகளின் ஃபோன் அணைந்திருக்கலாம், விமானத்தில் இருக்கலாம், வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறி முகவரியே வேறாகியிருக்கலாம். எப்போதும் விழித்திருக்கிற, முகவரி மாறாத ஒரு கணினி நடுவில் இருந்து செய்தியை வாங்கி வைத்துக்கொண்டால்தான் இது நடக்கும். சர்வரின் வேலை அடிப்படையில் இவ்வளவுதான். இந்த வேலைக்கு உள்ளடக்கம் தெரிய வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் இதன் அழகு.

அது எப்படி என்று சற்று நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் பிறகு வரும் எல்லா முடிவுகளும் இதன்மேல் நிற்கின்றன. அம்மாவும் மகளும் முன்கூட்டியே ரகசியம் எதுவும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. இருவருக்கும் இடையே போவது அனைத்தையும் சர்வர் பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்படியிருந்தும் இருவருக்கு மட்டுமே தெரிந்த ஓர் எண்ணை உருவாக்க முடியும் என்று 1976இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் காட்டினார்கள். சின்ன எண்களில் போட்டுப் பார்க்கலாம். 3, 17 இரண்டும் ஊரறிந்த எண்கள். அம்மாவின் ஃபோன் தனக்குள் 6 என்று வைத்துக்கொள்கிறது. ஆறு மூன்றுகளைப் பெருக்கினால் 729. அதை 17ஆல் வகுத்தால் மீதி 15. இந்த 15ஐ மட்டும் அனுப்புகிறது. மகளின் ஃபோன் தனக்குள் வைத்துக்கொண்டது 7. ஏழு மூன்றுகளின் பெருக்கம் 2,187. 17ஆல் வகுத்தால் மீதி 11. அது 11ஐ அனுப்புகிறது. இப்போது அம்மாவின் ஃபோன், வந்த 11ஐ ஆறு தடவை எழுதிப் பெருக்குகிறது: 17,71,561. 17ஆல் வகுத்தால் மீதி 8. மகளின் ஃபோன், வந்த 15ஐ ஏழு தடவை எழுதிப் பெருக்குகிறது: 17,08,59,375. 17ஆல் வகுத்தால் அங்கும் மீதி 8.

சர்வர் பார்த்தவை 3, 17, 15, 11 ஆகிய நான்கு எண்கள். 8 அதன் வழியாகப் போகவே இல்லை. இவ்வளவு சிறிய எண்களில் யாரும் ஒவ்வொன்றாக முயன்று கண்டுபிடித்துவிடலாம். உண்மையான செயலிகளில் 17 இருக்கும் இடத்தில் 77 இலக்க எண் இருக்கிறது, எளிய பெருக்கலுக்குப் பதிலாக ஒரு வளைவரையின் புள்ளிகளை வைத்துக் கணக்கு நடக்கிறது. இன்றிருக்கும் கணினிகளால் முயன்று பார்த்துத் தீர்க்கக்கூடிய அளவல்ல.

2013 வாக்கில் ட்ரெவர் பெரின், மாக்ஸி மார்லின்ஸ்பைக் இருவரும் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். கிடைத்த ரகசிய எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு செய்திக்கும் அதிலிருந்து புதிய சாவி ஒன்றை எடுத்து, பழையதை அழித்துவிடுவது. பழைய சாவியிலிருந்து புதியதைக் கணக்கிடலாம், புதியதிலிருந்து பழையதுக்குப் போக முடியாது. அரைத்த மாவிலிருந்து அரிசியை எடுக்க முடியாதது போன்ற ஒருவழிக் கணக்கு அது. கூடவே, பதில்கள் போய் வரும்போதெல்லாம் மேலே பார்த்த டிஃபி-ஹெல்மன் பரிமாற்றமும் மறுபடி நடக்கிறது. இன்று ஃபோனிலிருந்து சாவியை ஒருவர் திருடினாலும் நேற்றைய செய்திகள் அவருக்குத் திறக்காது; சில பரிமாற்றங்களுக்குப் பிறகு நாளைய செய்திகளும் திறக்காது.

இந்தக் கணக்குதான் சிக்னல் செயலியில் இருக்கிறது. வாட்ஸ்அப்பிலும் இதுதான். மேட்ரிக்ஸ் பயன்படுத்தும் ஓல்ம், ஸ்னிக்கெட்டுக்கு அடித்தளமான எக்ஸ்எம்பிபி என்ற தரநிலையின் உலகம் பயன்படுத்தும் ஒமேமோ இரண்டும் இதே குடும்பம். ஆகவே இந்த நான்கில் ஒன்றை மறையாக்கத்தின் வலிமை பார்த்துத் தேர்வு செய்வதில் பொருளில்லை. வேறுபாடு எல்லாம் சாவிக்கு வெளியே இருக்கிறது.

அந்த வெளித்தகவல்களில்தான் சொந்தச் சர்வர்க்காரர்கள் எதிர்பார்க்காத ஒன்று வருகிறது. 2016இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு கிராண்ட் ஜூரி, சிக்னலிடம் பயனர் தகவல் கேட்டு ஆணை அனுப்பியது. சிக்னலால் கொடுக்க முடிந்தவை இரண்டே: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாகச் சர்வரோடு இணைந்த நேரம். தொடர்புப் பட்டியலோ குரூப் விவரமோ சேமித்து வைக்கப்படவே இல்லை. இதோடு உங்கள் வீட்டுச் சர்வரை ஒப்பிடுங்கள். வழக்கமான எக்ஸ்எம்பிபி சர்வரில் ஒவ்வொருவரின் தொடர்புப் பட்டியலும் இருக்கிறது. எந்த நேரத்தில் யார் யாருக்கு அனுப்பினார்கள் என்பது காப்பகத்தில் இருக்கிறது. உள்ளடக்கம் மட்டும்தான் பூட்டியிருக்கிறது. மேட்ரிக்ஸில் ஒவ்வோர் அறையின் உறுப்பினர் பட்டியலும், யார் எப்போது நுழைந்தார், எப்போது வெளியேறினார் என்ற வரலாறும் இருக்கிறது. வெளித்தகவல் விஷயத்தில் சிக்னல் நிறுவனத்துக்கு உங்களைப் பற்றித் தெரிந்ததைவிட உங்கள் தம்பியின் சர்வருக்கு அதிகம் தெரியும்.

பல வீடுகளில் இதனால் ஒன்றும் ஆகாது. எல்லா வீடுகளிலும் அப்படியல்ல. கணினி தெரிந்தவர் என்று வீட்டில் ஒருவர்தான் இருப்பார். அனேகமாக அது கணவராகவோ அண்ணனாகவோ மகனாகவோ இருக்கும். மருமகள் தன் அம்மாவுக்கு நள்ளிரவில் தொடர்ந்து மூன்று நாள் எழுதினாள் என்பது அவர் திறந்து பார்த்தால் தெரியும். கல்லூரியில் படிக்கும் பெண் யாருடன் எவ்வளவு நேரம் பேசுகிறாள் என்பதும் தெரியும். அவர் நல்லவர், பார்க்கமாட்டார் என்று சொல்லலாம். அந்த உறுதியை ஒரு நிறுவனம் சொன்னால் நாம் ஏற்பதில்லை, வீட்டு ஆள் சொன்னால் மட்டும் ஏன் ஏற்க வேண்டும்? எனவே என் கருத்து இது: குடும்பச் சர்வர், குடும்பம் மொத்தமாகப் பேசிக்கொள்ளும் இடமாக இருக்கட்டும். வீட்டில் உள்ள ஒவ்வொருவர் கையிலும், குறிப்பாகப் பெண்கள் கையில், அந்தச் சர்வரைத் தொடாத இன்னொரு வழியும் இருக்க வேண்டும். இதைச் சர்வர் நடத்துபவரே முதல் நாளில் எல்லோரிடமும் சொல்ல வேண்டும். என்னென்ன தகவல் சேருகிறது, எத்தனை நாள் கழித்து அழிகிறது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

இதே காரணத்தால், முழு மறையாக்கம் இல்லாத மென்பொருள்களை நான் குடும்பத்துக்குப் பரிந்துரைப்பதில்லை. வீட்டில் ஏற்கெனவே நெக்ஸ்ட்கிளவுட் வைத்திருப்பவர்கள் அதிலுள்ள டாக் வசதியையே பயன்படுத்திவிடலாமே என்பார்கள். கோப்புகளுக்கும் நாட்காட்டிக்கும் நெக்ஸ்ட்கிளவுட் மிக நல்லது. ஆனால் டாக்கில் எழுதும் செய்திகள் சர்வரில் வாசிக்கக்கூடிய நிலையிலேயே கிடக்கின்றன. அலுவலகங்களுக்காக எழுதப்பட்ட மேட்டர்மோஸ்ட் போன்றவையும் இப்படித்தான். அலுவலகத்தில் நிர்வாகிக்குச் செய்திகள் தெரியலாம் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். வீட்டில் அப்படி யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

உள்ளே இருப்பவரின் பார்வை ஒருபக்கம். வெளியே இருப்பவரின் பார்வைக்கு 2023 அக்டோபரில் வெளிவந்த ஜாபர்.ஆர்யூ சம்பவத்தைவிடத் தெளிவான பாடம் இல்லை. அது நீண்ட காலம் இயங்கிவரும் ரஷ்ய எக்ஸ்எம்பிபி சேவை. சர்வர்கள் ஜெர்மனியில் இரண்டு நிறுவனங்களிடம் வாடகைக்கு எடுத்த கணினிகளில் இருந்தன. ஒரு நாள் நிர்வாகி அதில் இணைந்தபோது, சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்ற எச்சரிக்கை வந்தது. அவர் தன் சர்வருக்குள் போய்ப் பார்த்தால் சான்றிதழ் புத்தம் புதிதாகவே இருக்கிறது. உள்ளே இருப்பது ஒன்று, வெளியே இருந்து வருபவர்களுக்குக் காட்டப்படுவது இன்னொன்று. சர்வருக்கும் இணையத்துக்கும் நடுவே யாரோ ஒரு கணினியை வைத்து, சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பிடமே இந்த டொமைனுக்கு வேறொரு சான்றிதழ் வாங்கி, போகும் வரும் இணைப்புகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். குறைந்தது மூன்று மாதம் இது நடந்திருக்கிறது. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழின் ஆயுள் அப்போது 90 நாள். ஒட்டுக்கேட்டவர்கள் புதுப்பிக்கத் தவறியதால்தான் விஷயம் வெளியே வந்தது.

சர்வரை யாரும் உடைக்கவில்லை. கடவுச்சொல் திருடு போகவில்லை. வழியில் நின்றவர், அந்த முகவரிக்கு வரும் போக்குவரத்து முழுவதும் தன் கையில் இருந்ததால், டொமைன் தன்னுடையது என்று சான்றிதழ் அமைப்புக்கு நிரூபித்துவிட்டார். சர்வர் நம்முடையது, இணைப்பில் பூட்டுச் சின்னம் தெரிகிறது, ஆகவே முழு மறையாக்கம் கூடுதல் ஆடம்பரம் என்று எண்ணுபவர்கள் இதை மறக்கக் கூடாது. அந்த மூன்று மாதத்தில், ஒருவர் சாவியை ஒருவர் சரிபார்த்து ஒமேமோ போட்டு எழுதியவர்களின் செய்திகள் அந்த இடைமறிப்பில் திறந்திருக்காது.

சாவியை ஏன் சரிபார்க்க வேண்டும்? ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. டிஃபி-ஹெல்மன் கணக்கு, எதிர்முனையில் இருப்பது யார் என்று சொல்லாது. நடுவில் இருப்பவர் அம்மாவிடம் மகளாகவும் மகளிடம் அம்மாவாகவும் நடித்து இரண்டு தனித்தனி ரகசியங்களை உருவாக்கிக்கொள்ளலாம். 2022 செப்டம்பரில் மார்ட்டின் ஆல்பிரெக்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மேட்ரிக்ஸில் கண்டுபிடித்த பிழைகளில் சில இந்த வகை: சர்வரை வைத்திருப்பவர் தீய நோக்கம் கொண்டவரானால், தன் கட்டுப்பாட்டில் உள்ள ஆளையோ சாதனத்தையோ மறையாக்கப்பட்ட அறைக்குள் நுழைக்க வழியிருந்தது. பிழைகள் திருத்தப்பட்டன. ஆனால் அடிப்படைத் தீர்வு, சாவிகளை நேரில் சரிபார்த்துக்கொள்வதுதான். ஒருவர் ஃபோனில் தெரியும் கியூஆர் கோடை மற்றவர் ஸ்கேன் செய்தால் முடிந்தது. முகம் தெரியாதவர்களிடையே இது நடக்காத காரியம். குடும்பத்துக்கு இதில் பெரிய வசதி இருக்கிறது. ஒரு கல்யாணத்தில் பந்திக்கும் தாம்பூலத்துக்கும் இடையே இருபது பேரின் சாவிகளைச் சரிபார்த்துவிடலாம். மறையாக்க அறிவியலில் மிகக் கடினம் என்று கருதப்படும் ஒரு பிரச்சினை, உறவினர்கள் ஒன்றுகூடும் மண்டபத்தில் அரை மணி நேர வேலையாகிவிடுகிறது. இதைச் செய்யாத குடும்பச் சர்வர் பாதி வேலையோடு நிற்கிறது.

இனி மென்பொருள்களுக்கு வருவோம். எக்ஸ்எம்பிபி பழையது. 1999இல் ஜெரமி மில்லர் ஜாபர் என்ற பெயரில் அறிமுகப்படுத்தினார், 2004இல் இணையத் தரநிலையாக வெளியானது. மின்னஞ்சலைப் போலவே யார் வேண்டுமானாலும் சர்வர் நடத்தலாம், ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரோடு பேசலாம் என்பது அதன் அடிப்படை. கூகுள் டாக் 2005இல் இதன்மேல்தான் வந்தது. வாட்ஸ்அப்பும் ஈஜாபர்டி என்ற எக்ஸ்எம்பிபி சர்வரை எடுத்து மாற்றித்தான் தொடங்கியது. பெரிய நிறுவனங்கள் வளர்ந்தபின் கதவை மூடிக்கொண்டன. கூகுள் 2013இல் ஹேங்கவுட்ஸ் கொண்டுவந்தபோது மற்ற சர்வர்களோடு பேசும் வசதியைக் கைவிட்டது. மூடிய கதவுகளுக்கு வெளியே தரநிலை மட்டும் உயிரோடு இருக்கிறது. இருபது வருடத்துக்கும் மேலாகத் தேய்ந்து பக்குவப்பட்டதால் அதன் சர்வர்கள் மிக இலகுவானவை; லுவா மொழியில் எழுதப்பட்ட புரோசோடி, ஒரு குடும்பத்துக்குச் சில பத்து மெகாபைட் நினைவகத்தில் ஓடிவிடும்.

ஆனால் தரநிலையாக மட்டும் இருப்பது வீட்டுக்குப் போதாது. ஆண்ட்ராய்டில் ஒரு செயலி, ஐஃபோனில் இன்னொன்று, ஒன்றில் இருக்கும் வசதி மற்றதில் இல்லை என்ற நிலையில் பெரியம்மாவுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது? புரோசோடியை உருவாக்கிய மேத்யூ வைல்ட் தொடங்கிய ஸ்னிக்கெட் இந்த இடத்தில்தான் வருகிறது. சர்வர், ஆண்ட்ராய்டு செயலி, ஐஃபோன் செயலி எல்லாம் ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி கட்டித் தருகிறார்கள். புதியவரைச் சேர்க்க ஓர் அழைப்பு இணைப்பை அனுப்பினால் போதும். அவர் அதைத் தட்டி, செயலியை நிறுவி, தனக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டால் கணக்கு தயார். ஃபோன் எண் கேட்பதில்லை. வட்டம் என்ற ஏற்பாட்டில் சேர்க்கப்பட்டவர்கள் ஒருவர் பட்டியலில் ஒருவர் தானாகவே தெரிவார்கள். இருவர் பேசும் குரல், வீடியோ அழைப்புகள் நன்றாக இருக்கின்றன. தீபாவளியன்று நான்கு ஊர்க்காரர்கள் ஒரே திரையில் பேச வேண்டுமென்றால் ஜிட்சி போன்ற தனி ஏற்பாடு தேவை. இந்தக் குறை இருந்தும், குடும்பத்துக்கு எது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது ஸ்னிக்கெட்தான். பார்த்துக்கொள்பவரின் வேலையை அது வெகுவாகக் குறைக்கிறது.

மேட்ரிக்ஸ் 2014இல் தொடங்கியது. பிரெஞ்சு அரசின் ஊழியர்கள் பயன்படுத்தும் சாப், ஜெர்மன் ராணுவத்தின் செய்திச் செயலி இரண்டும் இதன்மேல் எழுந்தவை. அதன் சிறப்பு, ஓர் உரையாடலின் வரலாறு அதில் பங்குபெறும் எல்லாச் சர்வர்களிலும் பிரதியாக இருப்பது. ஒன்று விழுந்தாலும் மற்றவை தொடரும். பல அலுவலகங்கள் சேர்ந்து பேசும் இடத்துக்கு இது அருமையான ஏற்பாடு. ஒரே சர்வர் உள்ள குடும்பத்துக்கு இந்தப் பலத்தால் பயனில்லை, விலை மட்டும் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதன் முதன்மைச் சர்வரான சினாப்ஸ் நிறைய நினைவகம் கேட்கும். வீட்டில் ஒருவர் ஆர்வத்தில் ஆயிரக்கணக்கானோர் உள்ள பொது அறை ஒன்றில் சேர்ந்துவிட்டால், அந்த அறையின் உறுப்பினர் விவரங்கள் உங்கள் தரவுத்தளத்துக்குள் வந்து குவியும். மீட்புச் சாவியைத் தொலைத்த தாத்தாவுக்குப் புது ஃபோனில் பழைய செய்திகள் திறக்காது. மேட்ரிக்ஸைத்தான் எடுப்பதென்றால் மற்ற சர்வர்களோடு இணைப்பதை அணைத்துவிடுங்கள். மீட்புச் சாவிகளைத் தாளில் எழுதி அவரவர் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2023 மே மாதம் மத்திய அரசு 14 செயலிகளைத் தடுத்தபோது, மேட்ரிக்ஸின் முதன்மைச் செயலியான எலிமெண்ட் அந்தப் பட்டியலில் இருந்தது. சர்வர் உங்களுடையதாக இருந்தாலும் அதைத் திறக்கும் செயலி இன்னொருவருடையது. ஒரே தரநிலைக்குப் பல செயலிகள் இருப்பது இப்படிப்பட்ட நேரத்தில் கைகொடுக்கும். மேட்ரிக்ஸுக்கு ஃப்ளஃபிசாட் போன்றவை உண்டு, எக்ஸ்எம்பிபிக்கு கான்வர்சேஷன்ஸ் தொடங்கிப் பல உண்டு.

சிம்பிளெக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. அதில் பயனர் என்ற அடையாளமே சர்வருக்குத் தெரியாது. ஒரு திசையில் செய்தி போகும் வரிசைகள் மட்டும்தான் தெரியும். நான் மேலே கவலைப்பட்ட, வீட்டு ஆள் பார்ப்பது என்ற பிரச்சினைக்கு அறிவியல் ரீதியாக இதுதான் சிறந்த விடை. ஆனால் எல்லாமே ஃபோனுக்குள் இருப்பதால், பேக்கப் எடுக்காத ஃபோன் குளத்தில் விழுந்தால் தொடர்புகள் அத்தனையும் போய்விடும். பெரியவர்கள் அதிகம் உள்ள குடும்பத்துக்கு இப்போதைக்கு நான் தயங்குகிறேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் செய்தி வந்ததும் ஃபோன் ஒலிக்க வேண்டும். ஒலிக்காத செயலியைப் பாட்டி இரண்டே நாளில் கைவிட்டுவிடுவார். பேட்டரியைச் சேமிக்க ஐஃபோன் செயலிகளைப் பின்னணியில் ஓயாமல் இணைப்பில் இருக்க விடுவதில்லை. ஆண்ட்ராய்டும் 2015இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து கட்டுப்படுத்துகிறது. புதுச் செய்தி வந்திருக்கிறது என்ற நோட்டிஃபிகேஷன் பொதுவாக ஆப்பிள் அல்லது கூகுள் வழியாகத்தான் வர வேண்டும். அதை அனுப்பும் உரிமை செயலியை வெளியிட்டவரிடம் இருக்கிறது. ஆகவே உங்கள் சர்வர், செயலி நிறுவனத்தின் கணினியை எழுப்பி, அது ஆப்பிளை எழுப்பி, ஆப்பிள் பாட்டியின் ஐஃபோனை எழுப்புகிறது. செய்தியின் உள்ளடக்கம் இதில் போவதில்லை. ஆனால் எந்தச் சாதனத்துக்கு எப்போது செய்தி வந்தது என்பது வெளியே தெரிகிறது. 2023 டிசம்பரில் அமெரிக்க செனட்டர் ரான் வைடன், அரசுகள் இந்த நோட்டிஃபிகேஷன் பதிவுகளை ஆப்பிளிடமும் கூகுளிடமும் கேட்டு வாங்குவதை வெளிப்படுத்தினார். ஆண்ட்ராய்டில் கான்வர்சேஷன்ஸ் போன்ற செயலிகள் கூகுள் இல்லாமலும் தாமே இணைப்பில் இருக்க முடியும். அதற்குப் பேட்டரி அமைப்பில் அந்தச் செயலிக்கு விலக்கு கொடுக்க வேண்டும். சில நிறுவன ஃபோன்களில் இந்த விலக்கைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரிய வேலை. ஒவ்வொரு ஃபோனையும் கையில் வாங்கி இதைச் செய்து கொடுக்க வேண்டும்.

சர்வரை எங்கே வைப்பது? வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியை வைத்து நடத்தலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதல் ஆசை. மின்செலவு மிகக் குறைவு. கணினி கண் எதிரே இருக்கும். தடை இணைய முகவரியில் வருகிறது. பழைய ஐபி முறையில் மொத்தமே 429 கோடி முகவரிகள்தான். பற்றாக்குறையால் பல இணைப்பு நிறுவனங்கள் ஒரே முகவரியை ஏராளமான வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. நீங்கள் வெளியே போகலாம், வெளியிலிருந்து உங்கள் வீட்டைத் தேடி வர வழியில்லை. ரவுட்டரில் காட்டும் முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால் உங்கள் இணைப்பு இந்த வகை என்று புரிந்துகொள்ளலாம். தனி முகவரிக்குக் கூடுதல் பணம் கட்டலாம், அல்லது மாதம் சில நூறு ரூபாய்க்குச் சிறிய கணினி ஒன்றைத் தரவு மையத்தில் வாடகைக்கு எடுக்கலாம். மின்வெட்டும், தொடர்ந்து எழுதுவதால் கெட்டுப்போகும் மெமரி கார்டும் உள்ள வீட்டுக்கு இரண்டாவது வழியே நல்லது. வாடகைக் கணினியை முழுதாக நம்ப முடியாது என்பதை ஜாபர்.ஆர்யூவில் பார்த்தோம். முழு மறையாக்கமும் நேரில் சரிபார்த்த சாவிகளும் இருந்தால் அந்த அவநம்பிக்கையோடும் நிம்மதியாகப் பேசலாம்.

கடைசியாக, பார்த்துக்கொள்பவர் இல்லாத நாள். அவர் மருத்துவமனையில் இருக்கலாம், வேலை மாறி நேரமில்லாமல் போகலாம், இறந்தும் போகலாம். சர்வர் உடனே நிற்காது. சான்றிதழ் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். முதலில் விழுவது அனேகமாக டொமைன். வருடாந்தரக் கட்டணம் அவர் கார்டில் இருக்கும், நினைவூட்டல் அவர் மின்னஞ்சலுக்குப் போகும். டொமைன் போனால் குடும்பத்தில் எல்லோருடைய முகவரியும் ஒரே நாளில் செல்லாமல் போகும். அந்தப் பெயரை யாரும் வாங்கி நம் ஆட்கள்போல் நடிக்கலாம். அதனால் டொமைனை ஐந்து, பத்து வருடத்துக்கு முன்பணம் கட்டி வைப்பதும், அந்தக் கணக்கில் இன்னொருவர் மின்னஞ்சலைச் சேர்ப்பதும் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியம். பேக்கப் தினமும் வேறோர் ஊரில் இருக்கும் உறவினரின் கணினிக்குப் போகட்டும். வருடத்துக்கு ஒரு முறை அந்த உறவினர், முதலாமவர் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அந்தப் பேக்கப்பிலிருந்து புதுக் கணினியில் சர்வரை எழுப்பிப் பார்க்க வேண்டும். எங்கே தடுமாறுகிறாரோ அங்கே குறிப்பு போதவில்லை. அதைத் திருத்தி எழுத வேண்டும்.

அப்படி இரண்டாவது ஆள் ஒருவர் குடும்பத்தில் இல்லையென்றால் சர்வர் வைக்காதீர்கள். எல்லோர் ஃபோனிலும் சிக்னலை நிறுவிக் கொடுங்கள், அடுத்த கல்யாணத்தில் சாவிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்திலேயே பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற யாராவது ஒரு பெண்ணோ பையனோ இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால், 3, 17 கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள்.